பாஸ்ட் கன்டினியூஸுக்கு எந்த ப்ரெபொசிஷன் ஒத்துவரும்? ஜோடி ஜோடியாக ஓர் அலசல்

ஐ, ஹி, ஷி, இட் வந்தால் 'வாஸ்'. வி, யு, தே வந்தால் 'வேர்'. பிறகு வினையோடு 'இங்'. இந்த வாய்ப்பாடு ஒரே நாளில் பிடிபட்டுவிடும். தடுமாற்றம் தொடங்குவது அதன் பின்னால் வரும் சொற்றொடரில்தான்: அட் நைன், ஃபார் டூ ஹவர்ஸ், சின்ஸ் மார்னிங், டு தி ஸ்டேஷன். இவற்றில் சில பாஸ்ட் கன்டினியூஸோடு இயல்பாகச் சேரும், சில சேர்ந்தால் பொருளையே மாற்றும், சில சேரவே சேராது. பெரும்பாலான பாடங்கள் காலத்தை ஒரு நாளும் ப்ரெபொசிஷனை இன்னொரு நாளும் நடத்துகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது சரி என்பது தெரியும்.

ஒரு செயல் நடுவில் இருக்கும்போது எட்டிப் பார்ப்பதுதான் பாஸ்ட் கன்டினியூஸ். தொடக்கமும் முடிவும் அந்தப் பார்வைக்குள் வராது. இந்த வடிவத்தின் வேர்களில் ஒன்றே ஒரு ப்ரெபொசிஷன் என்பது பலருக்குத் தெரியாது. 'ஹி வாஸ் ஆன் ஹண்டிங்', அதாவது வேட்டையில் இருந்தான் என்ற பழைய அமைப்பில் 'ஆன்' தேய்ந்து 'எ-ஹண்டிங்' ஆயிற்று, பிறகு அந்த 'எ'யும் உதிர்ந்தது. 'வேட்டையில் இருந்தான்' என்ற அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஜோடிகள் எளிதாகப் பிரியும்.

அட், பை

'ஐ வாஸ் குக்கிங் அட் நைன்' என்றால் ஒன்பது மணிக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பு அதற்கு முன்பே பற்றவைக்கப்பட்டுவிட்டது. 'ஐ குக்ட் அட் நைன்' என்றால் ஒன்பதுக்குத்தான் தொடங்கினேன். ப்ரெபொசிஷன் ஒன்றே, மணியும் ஒன்றே. வினை வடிவம் மாறியதும் ஒன்பது மணி செயலின் வாசலிலிருந்து நடுக்கூடத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

'பை' வந்தால் தமிழே வழிகாட்டும். 'பை நைன், இட் வாஸ் ரெய்னிங்' என்பது 'ஒன்பது மணிக்கெல்லாம் மழை பெய்துகொண்டிருந்தது'. அதற்குமுன் மழை இல்லை, இடையில் எப்போதோ பிடித்துக்கொண்டது என்ற மாற்றம் 'பை'யில் அடங்கியிருக்கிறது. 'அட்'டில் அது இல்லை. ஆனால் நீங்கள் சொல்ல வந்தது 'ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டேன்' என்றால் பாஸ்ட் கன்டினியூஸை விட்டுவிடுங்கள். 'ஐ வாஸ் ஃபினிஷிங் தி ரிப்போர்ட் பை நைன்' அந்தப் பொருளைத் தராது. 'ஐ ஹேட் ஃபினிஷ்ட் தி ரிப்போர்ட் பை நைன்' தான் சரி. 'மணிக்கெல்லாம்' என்றால் நிலை, 'மணிக்குள்' என்றால் முடிவு.

ஃபார், சின்ஸ்

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. 'ஐ வாஸ் வெயிட்டிங் சின்ஸ் மார்னிங்' என்று எழுதாதவர்கள் குறைவு. காரணம் நம் வாக்கியம்தான்: 'காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தேன்'. அதில் உள்ள 'கொண்டிருந்தேன்' நேராக 'வாஸ் வெயிட்டிங்'கைப் பிடித்து இழுத்துவிடுகிறது. ஆனால் 'சின்ஸ்' ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிவரை கோடு இழுக்கும் சொல். தொடக்கம் பார்வைக்குள் வந்துவிட்டால் பாஸ்ட் கன்டினியூஸால் அதைத் தாங்க முடியாது. பாஸ்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூஸ் வேண்டும்: 'ஐ ஹேட் பீன் வெயிட்டிங் சின்ஸ் மார்னிங்'. இன்னும் காத்திருக்கிறேன் என்றால் 'ஹேவ் பீன் வெயிட்டிங்'.

'ஃபார்' கொஞ்சம் நெகிழ்வானது. இங்கே தமிழில் ஒரு சின்ன உருபைக் கவனித்தால் போதும்.

'இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்': 'ஐ வெயிட்டெட் ஃபார் டூ ஹவர்ஸ்'. முழு நீளமும் அளந்தாயிற்று, கதை முடிந்தது.

'அவர் வந்தபோது இரண்டு மணி நேரமாகக் காத்துக்கொண்டிருந்தேன்': 'வென் ஹி கேம், ஐ ஹேட் பீன் வெயிட்டிங் ஃபார் டூ ஹவர்ஸ்'.

அந்த 'ஆக' ஒட்டியிருந்தால் 'ஹேட் பீன்'. ஒட்டவில்லை என்றால் சிம்பிள் பாஸ்ட். 'ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார் டூ ஹவர்ஸ்' என்பது பேச்சில் உண்டு, அலுப்பை அழுத்திச் சொல்ல உதவும். தேர்விலும் அலுவல் கடிதத்திலும் அதைத் தவிர்ப்பதே நல்லது.

'இன்' என்ற கால அளவைக்கு இந்த நெகிழ்வும் கிடையாது. 'ஷி ரோட் தி லெட்டர் இன் அன் ஹவர்' சரி: ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தாள். 'ஷி வாஸ் ரைட்டிங் தி லெட்டர் இன் அன் ஹவர்' அந்தப் பொருளில் நிற்காது. முடிவை அளக்கும் சொல்லையும் முடிவைக் காட்டாத வினை வடிவத்தையும் ஒரே நுகத்தில் பூட்ட முடியாது. 1957-இல் மொழித் தத்துவ அறிஞர் ஸீனோ வெண்ட்லர் வினைகளை நான்கு வகையாகப் பிரித்ததிலிருந்து, ஒரு வினை முடிவுப் புள்ளி உள்ளதா இல்லாததா என்று சோதிக்க மொழியியலாளர்கள் கையாளும் கருவியே இந்த 'ஃபார், இன்' ஜோடிதான்.

'ஃப்ரம் நைன் டு டென்', 'டில் டென்' ஆகியவற்றோடு இரண்டு வடிவங்களும் வரும். நடந்ததைப் பதிவுசெய்ய 'ஐ வொர்க்ட் ஃப்ரம் நைன் டு டென்' போதும். 'அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாய்?' என்ற கேள்விக்குப் பதில் என்றால் 'ஐ வாஸ் வொர்க்கிங்' பொருந்தும்.

டு, டுவர்ட்ஸ், அக்ராஸ்

இடத்தைக் குறிக்கும் சொற்களில் மிகச் சுவையான பகுதி இது. 'ஷி வாக்ட் டு தி ஸ்டேஷன்' என்றால் ஸ்டேஷனை அடைந்துவிட்டாள். 'ஷி வாஸ் வாக்கிங் டு தி ஸ்டேஷன்' என்றால் வழியில் இருந்தாள். போய்ச் சேர்ந்தாளா என்பதற்கு வாக்கியம் பொறுப்பேற்காது. 'அக்ராஸ்' இன்னும் தெளிவு. 'ஹி வாக்ட் அக்ராஸ் தி பிரிட்ஜ்' என்பவர் மறுகரையில் நிற்கிறார். 'ஹி வாஸ் வாக்கிங் அக்ராஸ் தி பிரிட்ஜ்' என்பவர் பாலத்தின் மேல் இருக்கிறார், பாதியில் திரும்பியும் இருக்கலாம். 1970களில் மொழியியலாளர் டேவிட் டவுட்டி இந்தப் புதிரை 'இம்பெர்ஃபெக்டிவ் பாரடாக்ஸ்', அதாவது முற்றுப்பெறா வினையின் முரண் என்று அழைத்தார். 'டுவர்ட்ஸ்' முதலிலேயே இலக்கைத் தொடாத சொல். ஆகவே 'வாக்ட் டுவர்ட்ஸ்' என்றாலும் 'வாஸ் வாக்கிங் டுவர்ட்ஸ்' என்றாலும் சேர்ந்ததாகப் பொருள் வராது. விபத்து அறிக்கை, சாட்சி வாக்குமூலம் போன்றவற்றை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டில் கோட்டைவிடக் கூடாது.

'ஆன்', 'ஆன்டு' ஜோடியில் கணநேர வினை வந்தால் வேறொன்று நடக்கிறது. 'தி சைல்ட் ஜம்ப்ட் ஆன்டு தி பெட்': ஒரே தாவல், கட்டிலில் ஏறியாயிற்று. 'தி சைல்ட் வாஸ் ஜம்பிங் ஆன் தி பெட்': ஏற்கெனவே கட்டிலின் மேல்தான் இருக்கிறது, திரும்பத் திரும்பக் குதிக்கிறது. ஒரு தாவலுக்குள் எட்டிப் பார்க்க நேரமில்லை. அதனால் பாஸ்ட் கன்டினியூஸ் அதைப் பல தாவல்களாக்கிவிடுகிறது.

'இருந்தது' என்ற ஒற்றைச் சொல்

'புத்தகம் மேசைமேல் இருந்தது' என்பதற்கு 'தி புக் வாஸ் ஆன் தி டேபிள்' அல்லது 'வாஸ் லையிங் ஆன் தி டேபிள்'. 'வாஸ் பீயிங் ஆன் தி டேபிள்' பிழை. லை, சிட், ஸ்டாண்ட், ஹேங் ஆகிய இருப்பு வினைகள் 'இங்' ஏற்கும், ஆனால் தற்காலிக இருப்புக்கு மட்டும். 'எ மேன் வாஸ் ஸ்டாண்டிங் ஆன் தி ஹில்' சரி, மனிதன் நகர்ந்துவிடுவான். கோபுரம் நகராது, அதற்கு 'தி டவர் ஸ்டுட் ஆன் தி ஹில்'. 'பிலாங் டு', 'கன்ஸிஸ்ட் ஆஃப்', 'டிபெண்ட் ஆன்' போன்றவை ப்ரெபொசிஷனோடு பிறந்த நிலை வினைகள், அதாவது செயலை அல்ல, நிலையைச் சொல்பவை. 'இட் வாஸ் பிலாங்கிங் டு ஹிம்' வேண்டாம், 'இட் பிலாங்ட் டு ஹிம்'.

ட்யூரிங், வைல்

இரண்டுக்கும் தமிழில் 'போது' என்று சொல்லிவிடுவதால் வரும் குழப்பம். 'ட்யூரிங்' ப்ரெபொசிஷன், பின்னால் பெயர்ச்சொல் வேண்டும்: 'ஹி வாஸ் ஸ்லீப்பிங் ட்யூரிங் தி லெக்சர்'. 'வைல்' இணைப்புச் சொல். பின்னால் எழுவாயும் வினையும் வேண்டும்: 'வைல் ஐ வாஸ் ஸ்லீப்பிங்'. 'ட்யூரிங் ஐ வாஸ் ஸ்லீப்பிங்' எந்த நிலையிலும் தவறு.

முன்னாலா, பின்னாலா?

தமிழில் காலமும் இடமும் வினைக்கு முன்பே வந்துவிடும். ஆங்கிலத்தில் வழக்கமான வரிசை வினை, இடம், காலம்: 'ஷி வாஸ் ஸ்டடியிங் இன் தி லைப்ரரி அட் நைன்'. மணிக்கு அழுத்தம் வேண்டுமென்றால் 'அட் நைன்' வாக்கியத் தலைக்குப் போகலாம். சில நேரம் போயே ஆகவேண்டும். 'தே வேர் டாக்கிங் அபவுட் தி ஆக்சிடென்ட் ஆன் மண்டே' என்பதில் திங்கட்கிழமை நடந்தது பேச்சா, விபத்தா? இரண்டுக்கும் இடமிருக்கிறது. பேச்சுதான் என்றால் 'ஆன் மண்டே, தே வேர் டாக்கிங் அபவுட் தி ஆக்சிடென்ட்'. விபத்துதான் என்றால் 'தே வேர் டாக்கிங் அபவுட் மண்டேஸ் ஆக்சிடென்ட்'.