கால்சியம் டெஸ்ட் கிட்: நம்ம ஊர் மரைன் டேங்குக்கு எது சரிப்படும்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மரைன் டேங்க் (கடல் நீர்த் தொட்டி) வைத்திருப்பவர்களுக்குக் கடல் தண்ணீர் உப்புப் பொட்டலத்திலிருந்துதான் வருகிறது. ஆர்ஓ மெஷினில் வடிகட்டிய தண்ணீரில் சால்ட் மிக்ஸ் என்ற அந்த உப்பைக் கலக்கிறோம். அப்புறம் கோரல்கள் (பவள உயிர்கள்) தங்கள் கூட்டைக் கட்ட இழுத்துக்கொள்ளும் கால்சியத்தை அளந்து அளந்து நாமே ஈடுகட்ட வேண்டும். கிட் வேண்டுமென்றால் பெங்களூரு, சென்னைக் கொளத்தூர் கடைகள், இல்லாவிட்டால் கூரியர். தப்பானது வந்து சேர்ந்தால் மாற்றுவது பெரும்பாடு என்பதால் முன்கூட்டியே யோசித்து வாங்குவது நல்லது.

மீன் மட்டும் வளர்க்கிறீர்கள் என்றால் இந்தக் கிட்டே தேவையில்லை. கல் போன்ற கூடு கட்டும் கோரல்கள் இருந்தால்தான் அவசியம். இயற்கைக் கடல் நீரில் கால்சியம் ஏறக்குறைய 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). டேங்கில் 400 முதல் 450 வரை இருந்தால் போதும். கையில் ஏற்கெனவே இருக்கும் நன்னீர் ஜிஹெச் (மொத்தக் கடினத்தன்மை) கிட்டை வைத்துச் சமாளிக்கவும் முடியாது. அது மெக்னீசியத்தையும் சேர்த்து எண்ணிவிடும். கடல் நீரில் மெக்னீசியம் கால்சியத்தைப் போல மூன்று மடங்கு இருக்கிறது.

ஏபிஐ, சாலிஃபெர்ட், ரெட் சீ ஆகிய மூன்று கம்பெனிகளின் கிட்டும் ஒரே வகை. முதலில் காரத்தன்மையை உயர்த்தி மெக்னீசியத்தை ஒதுக்கிவிட்டு, இளஞ்சிவப்பு நீலமாக மாறும்வரை கடைசித் திரவத்தைச் சேர்க்க வேண்டும். நடுவில் தண்ணீர் லேசாகக் கலங்கினால் பயப்படாதீர்கள், ஒதுங்கிய மெக்னீசியம்தான் அது. அந்தக் காரத் திரவம் தோலையும் கண்ணையும் பதம் பார்க்கும், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

ஏபிஐயில் சொட்டு எண்ணுகிறோம். ஒரு சொட்டுக்கு 20 பிபிஎம். பாட்டிலைச் செங்குத்தாகப் பிடிக்காவிட்டால் சொட்டின் அளவே மாறிவிடும். ஆனாலும் இதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். கோரல்கள் 20 பிபிஎம் கால்சியத்தை எடுக்கும்போது கூடவே ஆல்கலினிட்டியும் (தண்ணீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட் அளவு) அதன் அலகான டிகேஹெச்சில் 2.8 இறங்கும். கால்சியம் ஒரு சொட்டு அளவுக்குக் குறைவதற்குள் ஆல்கலினிட்டி கிட் கூவிச் சொல்லிவிடும். கோரல் குறைவாக உள்ள டேங்குக்கு ஏபிஐ தாராளம்.

சாலிஃபெர்ட்டில் 2 மில்லி தண்ணீர் எடுத்து, 1 மில்லி சிரிஞ்சால் கடைசித் திரவத்தை விடுகிறோம். முழுச் சிரிஞ்சுக்கு 500 பிபிஎம், 0.84 மில்லி செலவானால் 420. தோராயமான அளவு முன்பே தெரியும் என்பதால் 0.6 வரை வேகமாக விட்டுவிட்டு, அதன்பிறகு சொட்டுச் சொட்டாகப் போகலாம். ரெட் சீ ப்ரோ இன்னும் நுணுக்கம், 5 பிபிஎம் வரை சொல்லும், ஒரு பெட்டியில் 75 சோதனை. ஆனால் 420க்கும் 425க்கும் கோரல் வித்தியாசம் பார்ப்பதில்லை.

ஹன்னாவின் எச்ஐ758 டிஜிட்டல் செக்கர்தான் எல்லோருக்கும் ஆசை. நிறம் பார்க்கும் வேலையே இல்லை, நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. திரையில் 1 பிபிஎம் வரை எண் தெரிகிறது. ஆனால் அந்த எண்ணின் பிழை எல்லை கூடவோ குறையவோ 6 சதவீதம் என்று கம்பெனியே சொல்கிறது. 420 என்று காட்டினால் உண்மை 395 முதல் 445க்குள் எங்கேயும் இருக்கலாம்.

நம் ஊருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தச் சோதனைக்கு டேங்க் தண்ணீர் வெறும் 0.1 மில்லிதான். அதில் இருக்கும் கால்சியம் 0.042 மில்லிகிராம். குப்பியைப் போர் தண்ணீரில் கழுவிவிட்டு, அடியில் ஒரு சொட்டு தங்கிவிட்டது என்று வையுங்கள். அந்தப் போரில் 100 பிபிஎம் கால்சியம் இருந்தால் அந்த ஒரு சொட்டே 0.005 மில்லிகிராம் சேர்த்து, 420ஐ 470 ஆக்கிவிடும். சாலிஃபெர்ட்டில் அதே சொட்டு ஏற்படுத்தும் வித்தியாசம் 3 பிபிஎம் கூட இருக்காது. இங்கே பல ஊர்களில் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டும் ரகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடாக இருந்தாலும் காவிரித் தண்ணீரிலும் கால்சியம் உண்டு. கேன் தண்ணீரையும் நம்ப முடியாது, மினரல் சேர்த்திருப்பார்கள். ஹன்னா வாங்கினால் கழுவவும் கலக்கவும் டிடிஎஸ் மீட்டரில் (கரைந்த உப்புகளைக் காட்டும் கருவி) பூஜ்யம் காட்டும் டிஐ தண்ணீர், அதாவது உப்புகள் முழுக்க நீக்கிய தண்ணீர், கட்டாயம் வேண்டும். ரியேஜென்ட் (சோதனைத் திரவம்) 25 சோதனைக்குத்தான் வரும், அதற்கும் மறுபடி ஆர்டர் போட வேண்டும்.

ஆகவே கோரல் நிறைந்த டேங்குக்கு என் தேர்வு சாலிஃபெர்ட். ஆல்கலினிட்டியை வாரத்தில் இரண்டு மூன்று முறை பார்ப்பவருக்குக் கால்சியம் வாரம் ஒருமுறை போதும்.

எந்தக் கிட்டாக இருந்தாலும் உப்பளவை முதலில் பாருங்கள். சித்திரை, வைகாசியில் டேங்க் தண்ணீர் வேகமாக ஆவியாகும். பத்தில் ஒரு பங்கு வற்றினால் லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருந்த உப்பு 39ஐ நெருங்கும், 420 கால்சியமும் 467 என்று காட்டும். வற்றிய அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றி டாப்-அப் செய்து, நன்றாகக் கலக்கும்படி ஓடவிட்டு, அதன்பிறகு அளந்து பாருங்கள். நிறத்தை டேங்கின் நீல விளக்கடியில் பார்க்கவே கூடாது. அங்கே இளஞ்சிவப்பும் நீலமும் ஒன்றாகத் தெரியும். ஜன்னலோரம் போய், பின்னால் வெள்ளைத் தாள் பிடித்துப் பாருங்கள்.

புதுப் பெட்டி வந்ததும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே தண்ணீரை இரண்டிலும் அளந்து, வித்தியாசத்தை மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். 10, 20 என்றால் விட்டுவிடலாம். 40ஐத் தாண்டினால் இரண்டு பெட்டியின் காலாவதித் தேதியையும் பார்த்த பிறகுதான் டோசிங்கில் (டேங்கில் சேர்க்கும் கால்சியம் அளவில்) கை வைக்க வேண்டும்.