துளை போட்ட பிரேக் டிஸ்க் வாங்கி அரை மாதச் சம்பளத்தை இழந்தேன்: விளம்பரத்தை நம்பிவிடாதீர்கள்

இன்று மதியம்தான் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். முன்பக்க டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு, பிரேக் அதைத்தான் பிடிக்கும்) இரண்டிலும் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல். வலப்பக்க டிஸ்கில் ஒரு விரிசல் ஒரு துளையில் தொடங்கி அடுத்த துளைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. மாட்டி நான்கு மாதம்கூட ஆகவில்லை. இதற்குக் கொடுத்தது என் அரை மாதச் சம்பளம். பணம் போனது ஒரு பக்கம். பிள்ளைகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு இதே டிஸ்கை நம்பி எத்தனை தடவை மலைச்சாலையில் இறங்கினேன் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பழைய டிஸ்க் தேய்ந்து, அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச கனத்துக்கும் கீழே போயிருந்தது. மாற்றியே ஆகவேண்டும். காரோடு வந்தது போலவே வெற்று டிஸ்க் வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். உதிரிபாகம் விற்கும் ஒரு இணையக் கடையில் துளையும் வரிப்பள்ளமும் போட்ட செட் கண்ணில் பட்டது. நிற்கும் தூரம் 20 சதவீதம் குறையும், சூடு பாதியாகும், வளையவே வளையாது என்று போட்டிருந்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. சாட்டில் கேட்டேன்: "இது தினமும் ஓட்டும் குடும்பக் கார். மலை இறக்கம் உண்டு. ஒத்துவருமா?" இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: "மலை இறக்கத்துக்கென்றே செய்தது சார். எங்கள் முதலாளி வண்டியிலும் இதுதான்." கூடவே நிற்கும் தூரத்தைக் காட்டும் ஒரு வரைபடம். சிவப்புக் கோடு சாதாரண டிஸ்க், நீலக் கோடு அவர்களுடையது. நீலக் கோடு எவ்வளவோ கீழே இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் பணம் கட்டினேன்.

அதே படத்தை இன்று மறுபடி திறந்து பார்த்தேன். எந்த வேகத்திலிருந்து நிறுத்தினார்கள், வண்டியின் எடை என்ன, என்ன டயர், எதுவும் இல்லை. கீழே பொடி எழுத்தில் "எங்கள் புதிய பேடுடன்" என்று மட்டும் இருக்கிறது. பேட் என்பது டிஸ்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை. தேய்ந்த பேடையும் புதுப் பேடையும் ஒப்பிட்டுவிட்டு வித்தியாசத்தையெல்லாம் துளையின் கணக்கில் எழுதினார்களோ என்னவோ, அந்தப் படத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

மெக்கானிக் கேட்ட ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் புரிந்தது. "பழைய டிஸ்கில் அழுத்தி மிதித்தால் ஏபிஎஸ் உதறுமா?" உதறும். சக்கரம் லாக் ஆகப் போகும்போது அதைத் தடுக்கத்தான் ஏபிஎஸ் வேலை செய்யும். அப்படியென்றால் சக்கரத்தையே லாக் பண்ணும் பலம் பழைய பிரேக்கிலேயே இருந்திருக்கிறது. அதற்கு மேல் வண்டியை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானம். டிஸ்கில் எத்தனை துளை போட்டாலும் அந்தப் பிடிமானம் அதிகமாகாது.

சூடு பாதியாகும் என்றார்களே, அது இன்னும் மோசம். 1200 கிலோ கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 460 கிலோஜூல். நிறுத்தும்போது அது பெரும்பாலும் வெப்பமாகி டிஸ்கின் இரும்புக்குள் இறங்குகிறது. முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 6 கிலோ, வேலையில் 70 சதவீதம் அவை இரண்டுக்கும் என்று வைத்துக்கொண்டால் ஒரே தடவை நிறுத்தியதில் 60 டிகிரி போல ஏறும். துளை போடுவது அந்த இரும்பைத்தான் எடுத்துவிடுகிறது. காற்று கொஞ்சம் கூடுதலாகப் படலாம், சரி. ஆனால் அந்த நொடியில் வெப்பத்தை வாங்கிக்கொள்ள இரும்பு வேண்டுமே. பழைய காலத்துப் பேடுகள் சூட்டில் வாயு விடும், அது வெளியேறத் துளை உதவியது. இன்றைய பேடில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. மீதி இருப்பது துளையின் விளிம்பு. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, விரிசல் பிறப்பது அங்கேதான். வரிப்பள்ளத்துக்காவது பேடின் மேல்பரப்பைச் சுரண்டிச் சுத்தமாக வைக்கும் பயன் உண்டு. அதற்கும் விலையாகச் சத்தம் வரும், பேடும் சீக்கிரம் தேயும். இதில் ஒன்றையாவது அந்த ஆள் சாட்டில் சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் மாதமே பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆடியது. புகார் செய்தேன். "பேட் இன்னும் பதமாகவில்லை, 30 தடவை பிரேக் பிடித்து ஓட்டுங்கள்" என்றார்கள். ஓட்டினேன். ஆட்டம் கூடியது. "மெக்கானிக் தப்பாக மாட்டியிருப்பார், டிஸ்க் உட்காரும் ஹப்பின் ஆட்டத்தை அளந்து அனுப்புங்கள்." டயல் கேஜ் வைத்து அளந்தோம், 0.02 மில்லிமீட்டர். குறை சொல்ல முடியாத அளவு. அனுப்பினேன். மூன்று நாள் மௌனம். அப்புறம் "தேயும் பொருளுக்கு வாரண்டி கிடையாது". விற்கும்போது வாழ்நாள் உழைக்கும் என்றது இதே பொருளைத்தான்! இன்று விரிசல் படத்தை அனுப்பினால், "மயிரிழை விரிசல் சகஜம் சார்." துளையிலிருந்து துளைக்கு ஓடும் விரிசலும் சகஜமா என்று கேட்டேன். சாட்டை மூடிவிட்டார்கள். போன் செய்தால் பாட்டு ஓடுகிறது, பிறகு தானாகவே கட் ஆகிறது. அரை மாதச் சம்பளம் வாங்கியவர்களுக்கு ஒரு வரி பதில் சொல்ல மனமில்லை.

என்னென்ன பார்த்து வாங்கவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. இவ்வளவு மட்டும். நிற்கும் தூரம் குறையும் என்று யார் சொன்னாலும் எந்த வேகம், எந்த டயர், ஒப்பிட்ட இரண்டு டிஸ்குக்கும் ஒரே பேடா என்று கேளுங்கள். டிஸ்கின் எடையைக் கேளுங்கள். ஐரோப்பிய மாற்று பிரேக் பாகங்களுக்கான ஆர்90 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மலை இறக்கம்தான் கவலை என்றால் முதலில் நல்ல பேடும் புது பிரேக் ஆயிலும். சூட்டில் ஆயில் கொதித்துவிட்டால் பிரேக் பிடிக்காது. டாட் 4 என்ற தர ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிவிட்டால் 155 வரைக்கும் இறங்கலாம். ஏற்கெனவே துளை போட்ட டிஸ்க் மாட்டியிருந்தால் நாளைக்கே சக்கரத்தைக் கழற்றித் துளைகளைச் சுற்றிப் பாருங்கள். விரிசல் இரண்டு துளையைச் சேர்த்திருந்தாலோ, ஓரம் வரை போயிருந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள்.

என் கார் ஷெட்டில்தான் நிற்கிறது. வெற்று டிஸ்குக்குச் சொல்லியாகிவிட்டது. அதற்கான பணத்தைத் தனியாகப் புரட்ட வேண்டும்.