சாப்பாட்டு அறைக்குச் சாயம் அடிக்க 1,480 வெள்ளி கட்டி ஏமாந்தேன்: தீபாவளிக்கு வீடு தயார் செய்பவர்கள் படியுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குச் சாயம் அடிக்க ஆள் தேடுகிறவர்கள், அதிலும் நம் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பக்கம் இருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் 1,480 வெள்ளி போய்விட்டது. என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் போட மாட்டேன். கடை என்றுகூட அதைச் சொல்ல முடியாது. ஃபேஸ்புக்கில் விளம்பரம் போடுவார்கள். நம் அறையைப் படம் எடுத்து அனுப்பினால், அதிலேயே சாயம் பூசின மாதிரி போனில் காட்டுவார்கள். பிடித்திருந்தால் சாயம், ஆள் எல்லாம் அவர்களே கொண்டு வருவதாகப் 'பேக்கேஜ்' பேசுவார்கள். அந்த மாதிரி ஒன்று.

எங்கள் சாப்பாட்டு அறை பின்னால் இழுத்துக் கட்டியது. 12 அடிக்கு 10 அடி. இருக்கிற ஒரே ஜன்னலும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துத்தான் இருக்கிறது. தாளிக்கிற புகையெல்லாம் நேராக அங்கேதான் வரும். நான் வளர்ந்தது தோட்டத்து லயத்தில். அங்கே எந்தச் சுவருக்கு என்ன நிறம் என்று நிர்வாகம் முடிவு செய்யும், நம்மை யார் கேட்டார்கள்? தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகும் மலிவு என்று வெள்ளையே அடித்துக்கொண்டிருந்தோம். இந்தத் தீபாவளிக்குத்தான் ஆசைப்பட்டு வாழைக் குருத்துப் பச்சை வேண்டும் என்றேன்.

வந்த பையனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நான் விழுந்தேன். நம் தமிழ்ப் பையன். செருப்பை வாசலிலேயே விட்டு வந்தான். காப்பி வேண்டாம் என்றான். நிற அட்டையை விரித்ததும் எனக்கு எதையும் விற்கப் பார்க்கவில்லை. டியூப் லைட்டை அணைத்துவிட்டு, "ஆன்டி, இப்போ பாருங்க" என்றான். பகல் வெளிச்சத்தில் ஒரு பச்சை, லைட் போட்டதும் வேறு பச்சை. "நீங்க ராத்திரிதானே இங்க உட்கார்ந்து சாப்பிடுவீங்க, அந்த வெளிச்சத்துல பார்த்துதான் எடுக்கணும்" என்றான். சின்ன அட்டையில் பார்க்கும் நிறம் நாலு சுவரிலும் ஏறினால் இன்னும் அடர்த்தியாகத் தெரியும், அதனால் ஒரு படி வெளிர் எடுங்கள் என்றான். தண்ணீர்ச் சாயம் காய்ந்தால் கொஞ்சம் கறுக்கும் என்றான். சாப்பாட்டு அறைக்குத் துடைக்கிற வகைச் சாயம்தான் வேண்டும், மஞ்சள் தெறித்தால் சாதாரணச் சாயத்தில் கறை இறங்கிவிடும் என்றான். ஒரு பலகையில் அந்தப் பச்சையைப் பூசிக் காயவைத்து, சுவரில் சாய்த்துவிட்டுப் போனான். "அவசரமில்ல ஆன்டி, காலையிலயும் பாருங்க, ராத்திரியும் பாருங்க."

சொன்னது எல்லாமே உண்மை. இப்போதும் சொல்கிறேன், ஒன்றுகூடத் தப்பில்லை. தொழில் தெரிந்தவன், அவசரப்படுத்தவும் இல்லை. இப்படி ஒருவனை எப்படிச் சந்தேகப்படுவது? சாயம் பிடிக்க முதலில் அடிக்கிற சீலர் ஒரு பூச்சு, மேல் சாயம் இரண்டு பூச்சு, ஈரம் ஏறிய பின்சுவருக்குத் தனி மருந்து, எல்லாம் சேர்த்து 1,480 வெள்ளி. நிறம் கலந்துவிட்டால் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள், அதனால் முழுப் பணமும் முதலிலேயே வேண்டும் என்றான். கலந்த சாயத்தைத் திருப்ப முடியாது என்பதும் உண்மைதான். போனிலேயே அனுப்பிவிட்டேன்.

அடிக்க வந்தவர்கள் வேறு இரண்டு பேர். கொண்டு வந்தது ஒரே ஒரு 5 லிட்டர் டின். மூடியில் நிறத்தின் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. லேபல் ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது. சீலர் எங்கே என்று கேட்டேன். "இதுலயே கலந்திருக்குக்கா" என்றார்கள். நாலு சுவர், இரண்டு பூச்சு என்றால் ஜன்னல், கதவு போகச் சுமார் 70 சதுர மீட்டர். ஒரு லிட்டர் 10, 12 சதுர மீட்டருக்குத்தான் வரும். அப்படியானால் 6, 7 லிட்டர் வேண்டும், சீலர் தனி. வாளியில் தண்ணீரை ஊற்றி ஊற்றி அந்த ஒரு டின்னிலேயே முடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நிறத்தைச் சொல்லவா? ஃப்ரிட்ஜில் மறந்துபோன புதினாச் சட்னி. பலகையைச் சுவரில் வைத்தால் சொந்தமே இல்லை. ஈரத்துணியால் தொட்டால் துணி பச்சையாகிறது. பின்சுவரில் இப்போதே கொப்புளம் கிளம்பி, நகத்தால் தட்டினால் அப்பளம் அப்பளமாக உதிர்கிறது.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் அந்தப் பையனின் சாக்கு. முதலில், "காஞ்சா வெளுத்துடும் மேடம்." கறுக்கும் என்று சொன்னவனே அவன்தான்! அடுத்து, "உங்க லைட்டுதான் பிரச்சினை, பல்பு மாத்திப் பாருங்க." அடுத்து, சின்ன அட்டைக்கும் பெரிய சுவருக்கும் வித்தியாசம் இருக்கும், முதலிலேயே சொன்னேனே என்றான். அன்றைக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றையும் எடுத்து என் மேலேயே திருப்பினான். அதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. கொப்புளத்தைப் படம் எடுத்து அனுப்பினேன், மழைக்காலம் என்று பதில். ஈரச்சுவர் மருந்துக்கும் சேர்த்துத்தானே 1,480 வெள்ளி வாங்கினாய் என்று கேட்டதற்கு, "ஆபீஸ்ல பேசிட்டுச் சொல்றேன் மேடம்." எந்த ஆபீஸ்? ஆபீஸ் நம்பர் என்று கொடுத்ததில் ஒரு பெண், அவர் இப்போது எங்களிடம் வேலை செய்யவில்லை என்றாள். கடைசியில் என் நம்பரையே தடுத்துவிட்டான்.

டின்னைத் தூக்கிக்கொண்டு டவுனில் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடை முதலாளி தவுக்கே மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இயந்திரத்தில் கலந்த சாயம் என்றால் நிற எண், நிறம் கலக்க எடுத்த பேஸ் சாயம் எது, எந்தத் தேதி எல்லாம் அச்சடித்த லேபல் ஒட்டித்தான் வருமாம், அது இல்லாமல் அதே நிறத்தைத் திரும்பக் கலக்க முடியாதாம். இது சீலிங்குக்கு அடிக்கிற மலிவுச் சாயத்தில் கையால் நிறம் ஊற்றினது மாதிரி இருக்கிறது என்றார். சுரண்டி எடுத்து, சீலரிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டுமாம். அதற்குத் தனிச் செலவு. 1,480 வெள்ளி போனது போதாது என்று.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன். பொறுமை இல்லை, தோன்றுவதை மட்டும் போடுகிறேன். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். சாயத்தைக் கடையில் நீங்களே வாங்குங்கள், ஆளுக்குக் கூலி மட்டும் கொடுங்கள். டின்னை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், லேபல் இல்லாவிட்டால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். தனி ஆள் பெயரில் வங்கிக் கணக்கு கொடுத்தால் மோசடிக் கணக்கா என்று காட்டும் போலீஸின் செமாக் மியூல் இணையத் தளத்தில் அந்த நம்பரைத் தட்டிப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும், அதனால் ரசீது வாங்காமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். என்னிடம் இருப்பது ஒரு கணக்கு எண் மட்டும். அதை வைத்து போலீஸ் ரிப்போர்ட் செய்திருக்கிறேன்.

இன்று ராத்திரி உட்கார்ந்து இதை எழுதக் காரணம், வேறு பெயரில் அதே விளம்பரம் மறுபடி ஓடுகிறது. 'முடித்த வேலை' என்று போட்டிருக்கும் படங்களில் ஒன்று என் சாப்பாட்டு அறை, போனில் பச்சை பூசிக் காட்டினார்களே அந்தப் படம். மேசைமேல் சிவப்பு உணவு மூடி, ஜன்னல் ஓரம் காலண்டர். அதைப் பார்த்துவிட்டு யாராவது போன் போடுவதற்குள் உங்கள் தாமான் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டுவிடுங்கள்.