18,400 ரூபாய் போச்சு: ஆன்லைனில் ஃபுட் ஸ்விட்ச் வாங்குகிறவர்கள் கவனிக்க

சேலத்தில் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் நர்சிங் ஹோம்களுக்கும் மெஷின் சர்வீஸ் பார்க்கிறவன் நான். நேற்று ராத்திரி வரை பொறுத்துப் பார்த்தேன், இனி முடியாது. 18,400 ரூபாய், முழுசாகப் போய்விட்டது. இதே தொழிலில் இருப்பவர்களும், ஆஸ்பத்திரிக்குச் சாமான் வாங்கிப் போடுபவர்களும் படியுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

ஆத்தூர் பக்கம் ஒரு நர்சிங் ஹோம், ஏற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு இடத்திலும் ஒரே வாரத்தில் காட்டரி மெஷினைக் காலால் மிதித்து ஓட்டும் ஃபுட் ஸ்விட்ச் படுத்துவிட்டது. ஒன்றில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஏறி ஏறிக் கேபிள் நைந்து அறுந்திருந்தது. இன்னொன்றில் தண்ணீர் இறங்கி உள்ளே துரு. காட்டரி என்றால் ஆபரேஷனில் மின்சாரத்தால் தசையை வெட்டவும், ரத்தக் கசிவை அடைக்கவும் உதவும் மெஷின். அதன் ஃபுட் ஸ்விட்ச் ஒவ்வொன்றிலும் இரண்டு மிதி. இடது பக்கம் மஞ்சள், அது வெட்டுவதற்கு. வலது பக்கம் நீலம், அது ரத்தத்தை நிறுத்துவதற்கு. டாக்டர் குனிந்து பார்த்து மிதிக்க மாட்டார். கண் காயத்தில் இருக்கும், கால்தான் தேடிப் பிடித்து மிதிக்கும்.

மெஷின் கம்பெனியில் கேட்டால் விலையும் அதிகம், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதனால் தொழில் சாமான்களுக்கு விசாரணை போட்டால் பத்துப் பேர் போன் செய்வார்களே, அந்த மாதிரி ஒரு வெப்சைட்டில் போட்டேன். பேர் சொல்லவில்லை. புரிகிறவர்களுக்குப் புரியும்.

ஒன்பது பேர் விலை மட்டும் சொன்னார்கள். பத்தாவது ஆள்தான் கேட்டான்: "மொமென்டரி வேணுமாங்ணா, லாட்சிங் வேணுமாங்ணா?" நான் விழுந்தது அந்த ஒரு கேள்வியில்தான். மிதித்திருக்கும் வரை ஓடி, காலை எடுத்ததும் நின்றால் மொமென்டரி. ஒரு மிதிக்கு ஆன், அடுத்த மிதிக்கு ஆஃப் என்றால் லாட்சிங். காட்டரிக்கு லாட்சிங் போட்டால் கொலைதான். இதைக் கேட்கத் தெரிந்தவன் என்றால் விஷயம் தெரிந்த ஆள் என்று நினைத்துவிட்டேன். கனெக்டரில் எத்தனை பின் என்றும் கேட்டான். அப்புறம் ஒரு வீடியோ அனுப்பினான். ஒரு நீல வாளி நிறையத் தண்ணீர், அதற்குள் மிதி முங்கிக் கிடக்கிறது, கையை விட்டு அமுக்கினால் மேலே பல்பு எரிகிறது. "ஐபிஎக்ஸ் எட்டுங்ணா, தண்ணிக்குள்ளயே கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது." ஐபிஎக்ஸ் என்றால் தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கான தர எண்.

இரண்டு ஃபுட் ஸ்விட்சும் சேர்த்து 19,400 சொன்னான். "வெப்சைட் வழியா போனா கமிஷன் போயிடுங்ணா. நேரா போட்டு விடுங்க, ஆயிரம் குறைச்சுக்கறேன்" என்றான். அஞ்சு ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டு 18,400 ரூபாயை யூபிஐயில் அனுப்பினேன். அந்த ஆயிரம் ரூபாயை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஒன்பதாம் நாள் பார்சல் வந்தது. வெளியே பளபளவென்று பெயின்ட், ஐபிஎக்ஸ் 8 என்று ஸ்டிக்கர். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், இணைப்பு சேர்ந்தால் அது பீப் அடிக்கும். முதல் ஃபுட் ஸ்விட்சில் மஞ்சளை மிதித்தால் நீலத்தின் பின்கள் பீப் அடிக்கின்றன. உள்ளே வயரை மாற்றிச் சால்டர் வைத்திருக்கிறார்கள். தசையை வெட்ட மிதித்தால் ரத்தம் அடைக்கும், அடைக்க மிதித்தால் வெட்டும்.

அடுத்ததில் கலர் சரியாக இருந்தது. அவன் வீடியோவில் செய்த மாதிரியே வாளியில் போட்டேன். ஐந்து நிமிடம்கூட இல்லை, குமிழ் குமிழாகக் காற்று வந்தது. எடுத்துத் துடைத்து, ஒரு நாள் காயவைத்து, மறுபடி மீட்டர். மிதித்தேன், பீப். காலை எடுத்தேன், பீப் நிற்கவில்லை! மிதி மேலே வந்துவிட்டது, உள்ளே ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. டாக்டர் காலை எடுத்த பிறகும் நோயாளி உடம்பில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும் என்று அர்த்தம். ஸ்க்ரூவைக் கழற்றினேன். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட் கிடையாது. மிக்ஸி, கிரைண்டருக்குப் போடுகிற தரத்தில் ஒரு மைக்ரோ ஸ்விட்ச், சுற்றிலும் குளூ கன் பசை. அவ்வளவுதான் 18,400 ரூபாய்.

போன் செய்தேன். முதல் நாள், "செக் பண்ணிச் சொல்றேங்ணா." மூன்றாம் நாள், "டெக்னீஷியன் லீவுங்ணா." ஒரு வாரம் கழித்து, "நீங்க ஸ்க்ரூவைக் கழட்டிட்டீங்க, வாரண்டி போச்சு." சரி, ஸ்க்ரூ கழற்றுவதற்கு முன்னாலேயே தண்ணீர் இறங்கியதே என்றேன். "ஆபரேஷன் தியேட்டர்ல மிதியை யாருங்ணா வாளியில போடுவாங்க?" என்கிறான்! வாளி வீடியோ அனுப்பியதே அவன். கடைசியாகச் சொன்னதுதான் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. "வெறும் மிதிதானேங்ணா, இதுக்குப் போய் இவ்வளவு பேசறீங்க."

வெறும் மிதியா? தியேட்டர் தரையில் சலைன், ரத்தம், பீட்டாடின் எல்லாம் சொட்டும். கேஸ் முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். அதனால்தான் மருத்துவ மின்கருவிகளுக்கான ஐஇசி 60601-1 தரத்தில் ஃபுட் ஸ்விட்சுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. தியேட்டர் மாதிரி தண்ணீர் புழங்கும் இடத்தில் வைக்கும் மிதி என்றால் மின்பகுதிக்குக் குறைந்தது ஐபிஎக்ஸ் 6, அதாவது வேகமாகப் பீய்ச்சி அடித்தாலும் தாங்க வேண்டும். பெரிய ஆள் ஒருவர் மேலே ஏறி நின்றாலும் உடையக்கூடாது, 1350 நியூட்டன் ஒரு நிமிடம் வைத்துச் சோதிப்பார்கள். பசை தடவியதை அங்கே கொண்டுபோனால் என்ன ஆகும்?

வெப்சைட்காரர்களைக் கூப்பிட்டேன். ஆர்டர் நம்பர் கேட்டார்கள். நேரே பணம் போட்டதால் ஆர்டர் நம்பரே கிடையாது. "நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் இணைத்து வைப்பதோடு சரி சார்" என்று அந்தப் பெண் படிப்பது போலச் சொன்னார். மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் அதே வரி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் போட்டிருக்கிறேன், ஒரு நம்பர் கிடைத்திருக்கிறது. தெரிந்த வக்கீல் ஒருவர், வியாபாரத்துக்கு வாங்கியது என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள், சொந்தப் பிழைப்புக்குத்தான் வாங்கினேன் என்று எழுதுங்கள் என்றார். எழுதினேன்.

ஆத்தூரில் இப்போதைக்குக் மிதி இல்லாமல் கையாலேயே பட்டன் அமுக்கும் காட்டரி பென்சிலை வைத்து ஓட்டுகிறார்கள். ஏற்காட்டுப் பழைய மிதிக்கு வேறு கேபிள் போட்டுக் கொடுத்தேன். புதிதாகக் கம்பெனி மிதிக்கு என் கைக்காசிலிருந்து அட்வான்ஸ் கட்டியாயிற்று.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். வெப்சைட்டுக்கு வெளியே ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். ஸ்டிக்கரை நம்பாதீர்கள், டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். மெஷினில் மாட்டுவதற்கு முன் மஞ்சள், நீலம் இரண்டையும் மீட்டரில் பாருங்கள், காலை எடுத்ததும் நிற்கிறதா என்றும் பாருங்கள். இன்று காலை பார்த்தேன், அந்த ஆளின் விளம்பரம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. அதே நீல வாளி.