ஏர் ஃப்ளோ சென்சார் படுத்திய பாடு

பழைய 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான் ஒன்றை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வாங்கிய கையோடு ரீமேப் (சக்தி கூட்ட, இன்ஜின் கணினியான இசியூவின் மென்பொருளை மாற்றுவது) செய்து, கம்பெனி ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டு எண்ணெய் தடவும் கூம்பு ஃபில்டர் மாட்டினேன். டர்போ விசில் கேட்கும் ஆசைதான், வேறொன்றுமில்லை.

இரண்டாம் வருடக் கடைசியில் பிக்கப் குறைந்தது. அவிநாசி தாண்டி லாரிகளை முந்தும்போது, 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் வண்டி இழுக்கத் தயங்கியது. செக் இன்ஜின் லைட் எரியவில்லை. மெக்கானிக் பிளக் மாற்றினார், காயில் மாற்றினார், அப்புறம் டர்போ போயிருக்கும் என்றார். செலவை நினைத்ததும் வயிற்றைக் கலக்கியது. வண்டிக் கணினியின் எண்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை வாங்கி நானே உட்கார்ந்தேன்.

லாங் டேர்ம் ஃப்யூவல் டிரிம், அதாவது இசியூ தன் கணக்கிலிருந்து பெட்ரோலைக் கூட்டும் (பிளஸ்) அல்லது குறைக்கும் (மைனஸ்) அளவு, ஐடிலிங்கில் மைனஸ் 4 சதவீதம், நெடுஞ்சாலையில் பிளஸ் 17. டர்போ ஹோஸ் எங்காவது கசிந்தால் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும்: ஐடிலிங்கில் வெளிக்காற்று புகுந்து பிளஸ் காட்டும், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறினால் அளந்த காற்று வெளியேறி, பெட்ரோல் அதிகமாகி மைனஸ் காட்டும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் வினாடிக்கு 112 கிராம்தான் காட்டியது. ரீமேப் அன்று எடுத்த பதிவில் 150 இருந்தது. இந்த எண்ணை 0.8ஆல் வகுத்தால் தோராயமாகக் குதிரைத்திறன் வரும். 140 குதிரை என்றால் ரீமேப் காசு தண்டம்.

சென்சாரைக் கழற்றினால், காற்றில் குளிர்வதை வைத்துக் காற்றை அளக்கும் சூடான கம்பியின் மேல் பழுப்பாக ஒரு படலம். ஃபில்டர் எண்ணெயும் தூசியும்தான். படலம் போர்வை மாதிரி மூடிக்கொள்ள, வேகமாக வரும் காற்றில் கம்பி குளிர வேண்டிய அளவு குளிர்வதில்லை. காற்று குறைவு என்று நினைத்து இசியூ பெட்ரோலைக் குறைக்கிறது. ரீமேப் செய்த வண்டியில் அது நேராக நாக்கிங்கில் (பெட்ரோல் நேரம் தவறி எரிந்து இன்ஜின் தட்டுவதில்) கொண்டு விடும்.

இதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் கழுவிக் காயவைத்தேன். கார்புரேட்டர் கிளீனர் கூடாது, காது குடையும் பஞ்சுக் குச்சியும் கூடாது. காற்று 135 கிராம் வரை ஏறியது. இரண்டு மாதத்தில் பழைய கதை. மலிவாகக் கிடைத்த டூப்ளிகேட் சென்சார் ஐடிலிங்கிலேயே 6 கிராம் காட்டியது, நியாயமாக 2, 3தான் வரவேண்டும். அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைசியில் ஒரிஜினல் போட்டு, இசியூவில் பழைய டிரிம்களை அழித்து, கம்பெனி ஏர்பாக்ஸையும் பேப்பர் ஃபில்டரையும் திரும்ப மாட்டினேன்.

அதன்பின் 14,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. டிரிம் 3 சதவீதத்தைத் தாண்டவில்லை. விசில்தான் கேட்பதில்லை. கூம்பு ஃபில்டர் பரணில் கிடக்கிறது, விற்க இன்னும் மனசு வரவில்லை.