மாரியிலும் நிற்காத நடை: கடற்கரையா, ஒழுங்கையா?

திருகோணமலையில் உடம்பைக் கவனிக்க நினைப்பவர்கள் முதலில் காலமை டச்சு பே கடற்கரையில்தான் நடக்கத் தொடங்குவார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் நான் தேர்ந்தது இராச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒழுங்கையில் நடக்கும் 15 நிமிடத்தை.

உப்புவெளிக் கடலில் நீந்துவதும் நல்லதுதான். முழங்கால் தேய்ந்தவர்களின் பாரத்தைத் தண்ணீர் தாங்கும். அவர்களுக்கு அதுவே மேல் என்று தோன்றுகிறது, அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மாரிக்கடலில் இறங்கவே கூடாது.

கடற்கரை மணலில் கால் புதைவதால் அதே தூரத்துக்குக் கூடுதல் சக்தி செலவாகும். புதுசாகத் தொடங்குபவர் காய்ந்த மணலில் அரை மணித்தியாலம் நடந்தால் மறுநாள் கெண்டைக்கால் பிடிக்கும். அலை நனைத்த இறுகிய மணலில் 10 நிமிடத்தோடு தொடங்குங்கள். கரை சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும். போன வழியே திரும்பினால் இரண்டு காலுக்கும் பாரம் சமமாகும். போகும்போது மணலிலும் வரும்போது றோட்டிலும் நடப்பவர்களுக்குத்தான் இடுப்பு நோகும். சீனி வருத்தத்தில் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு போகவே வேண்டாம். தூண்டில் முள்ளோ போத்தல் ஓடோ ஏறினாலும் தெரியாது.

தீர்மானிப்பது மாரிதான். நவம்பரில் வாடைக்காற்றோடு மழை பிடித்தால் ஜனவரி வரை கடற்கரைப் பக்கம் போக முடியாத நாட்களே அதிகம். அலை ஏறிக் கரையும் ஒடுங்கிவிடும். இரண்டு மாதம் விட்ட நடையை மாசியில் திரும்பத் தொடங்குவோர் குறைவு. சாப்பாடோ ஒரு நாளும் தவறாது. அதோடு முடிந்துவைத்த நடையும் தவறாது. மழை கொட்டினால் 10 மீட்டர் விறாந்தையில் 40 தரம் போய்வந்தால் 800 மீட்டர். அன்றைக்கு அது காணும்.

இன்னொரு பலனும் உண்டு. பிட்டோ இடியப்பமோ சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் சீனி ஏறும். அந்த நேரம் கால் தசை வேலை செய்தால், இன்சுலினை அவ்வளவாக நம்பியிராமல் தானே சீனியை இழுத்துக்கொள்ளும். கை கழுவி 10 நிமிடத்தில் கிளம்பலாம். நெஞ்செரிவு உள்ளவர்கள் 20 நிமிடம் பொறுக்கவேண்டும். நிமிடத்துக்கு 100 காலடி, அதாவது பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு வீட்டுக்காரரையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். நாள் முழுக்கப் பேசக் கிடைக்காததை அந்த ஒழுங்கையில் பேசலாம், மனதுக்கு அது பெரிய ஆறுதல்.

இருட்டில் வெளிர் நிறச் சட்டை, கையில் டோர்ச், வாகனம் எதிரே வரும் பக்கமாக நடை. ரப்பர் செருப்பு ஈரத்தில் வழுக்கும். பின்பட்டி வைத்ததைப் போடுங்கள். இன்சுலின் போடுபவர்களும் சீனிக் குளிசை எடுப்பவர்களும் சட்டைப்பையில் இரண்டு டொபி வைத்திருக்கவேண்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே நின்று அதைச் சாப்பிடுங்கள். அடுத்த கிளினிக்கில் மறக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.