கேத்திப் பக்கம் விற்கும் ‘ஜெர்மன் அங்கோரா’ குட்டிகள்: வாங்கலாமா?

ஊட்டிக்குக் கீழே கேத்திப் பக்கம் ஒரு பண்ணையில் ‘அசல் ஜெர்மன் அங்கோரா’ (கம்பளிக்காக வளர்க்கும் நீள ரோம முயல்) என்று இரண்டரை மாத முயல் குட்டிகளை ஜோடியாகக் கொடுக்கிறார்கள். குட்டிகள் ஆரோக்கியமானவை. காதுக்குள் சொறிப் பொருக்கு இல்லை, பின்னங்கால் பாதத்தில் புண் இல்லை, முன்பற்கள் சரியாகப் பொருந்துகின்றன. கூண்டும் சுத்தம்.

சிக்கல் பெயரில் இருக்கிறது. தாய் முயலே மூன்று கிலோவைத் தாண்டவில்லை. கண்ணை மறைக்கும் முக ரோமம், காது முழுக்கக் குஞ்சம், விரல்வரை பஞ்சு. இது இங்கிலீஷ் அங்கோராவின் சாயல். அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் தர வரையறையில் அதன் எடை 2.3 முதல் 3.4 கிலோ வரை.

1939 வரை அந்தச் சங்கத்துக்கு அங்கோரா ஒரே இனம்தான். அந்த ஆண்டு இங்கிலீஷ், பிரெஞ்சு என இரு வகையாகப் பிரித்தார்கள்; 1944-இல் தனித்தனி இனங்களாயின. பிரெஞ்சுக்கு முகமும் பாதமும் ரோமமின்றித் தெளிவாக இருக்க வேண்டும். சாட்டின் அங்கோரா 1987-இலும், ஜெர்மன் அங்கோராவோடு பெரிய இனங்களைக் கலந்து உருவாக்கிய ஜெயன்ட் அங்கோரா 1988-இலும் சங்கத்தின் இனப் பட்டியலில் சேர்ந்தன. ஜெர்மன் அங்கோரா இன்றும் அப்பட்டியலில் இல்லை. ஜெர்மானியர்கள் ஒவ்வொரு வெட்டிலும் கிடைக்கும் ரோமத்தின் எடையைப் பார்த்தே அதை தேர்ந்து வளர்த்தார்கள். ஆகவே கம்பளிக்காக வளர்ப்பவருக்கு அழகைவிடத் தராசுதான் தரம்.

பண்ணையில் தரும் குறிப்புத் தாளில் ‘மாதம் ஒருமுறை சீவினால் போதும்’ என்று இருக்கிறது. இந்தக் குட்டிகளுக்கு இது தவறு. இங்கிலீஷ் ரோமம் மிக மென்மை, அதைத் தாங்கிப் பிடிக்கும் முரட்டு ரோமம் குறைவு. நீலகிரி மூட்டத்தில் ஈரம் ஏறினால் அக்குள், கழுத்தடி, காதின் பின்புறம் என்று சடை பிடிக்கத் தொடங்கும். வாரம் இருமுறையாவது சீவ வேண்டும். சடையைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது, அது இன்னும் இறுகும். நக்கி விழுங்கிய ரோமத்தை முயலால் வாந்தியெடுக்க முடியாது. அதனால் உலர்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்கட்டும்.

ஜெர்மன் வகைக்கு ரோமம் தானாக உதிராது, 75 நாளுக்கு ஒருமுறை கத்தரிக்க வேண்டும். தோலை விரலால் தட்டையாக விரித்துப் பிடித்து வெட்டுங்கள். ரோமத்தைப் பிடித்து இழுத்தால் தோலும் கூடவே எழும்பி கத்தரியில் அகப்படும். பெண் முயலின் முலைக்காம்புகளை முதலில் தடவிக் கண்டுகொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஒட்ட வெட்டாமல் ஒரு சென்டிமீட்டர் விட்டு, வைக்கோல் பெட்டி கொடுங்கள்.

வீட்டில் ஆசைக்கு வளர்க்க இந்தக் குட்டிகளைத் தாராளமாக வாங்கலாம். கம்பளிக்கென்றால் முதுகு ரோமத்தை ஊதிப் பாருங்கள். தோல் எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு அடர்த்தி. தாய், தகப்பன் இரண்டும் ஒவ்வொரு வெட்டுக்கும் எத்தனை கிராம் கொடுத்தன என்ற பதிவேட்டைக் கேளுங்கள். இந்தப் பண்ணையில் அப்படியொரு ஏடு இல்லை.